ஸ்டெம் செல் ஊசிக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: அக்காவுக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்). மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டால் குணமாகும் என்கிறார்கள். பணம் புரட்டலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம் சகோதரி. இந்த நோய்க்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி மருத்துவ ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலே ஒதுங்கிவிடுங்கள்.

இந்த நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. கல்லீரல் அழற்சி மறுபடி கிளம்பும். உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் குறைந்திருப்பதால் ரத்த அழுத்தம் சரியலாம். பிரெட்னிசோலோனோடு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையான அசாதயோப்ரின் சேர்த்தால் பெரும்பாலானோருக்கு நோய் அடங்கும். ஆனால் அசாதயோப்ரினால் ரத்த வெள்ளணுக்கள் குறையலாம், தொடக்க மாதங்களில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ரத்தத்தில் ஏ.எல்.டி. (கல்லீரல் நொதி), ஐ.ஜி.ஜி. (எதிர்ப்புப் புரதம்) இரண்டும் இயல்பாகி 2 ஆண்டாவது நீடித்த பிறகே, மாத்திரையை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். பழைய ரிப்போர்ட்டுகளோடு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் காட்டுங்கள்.