கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, நாற்பத்தொரு வயதில் கடலில் நீந்தப் பழகினேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்து குவிந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால், பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் கடலில் குதிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: எனக்கு 38 வயது, வங்கி வேலை. நீச்சல் ஊர்க் கிணற்றில் பழகியது. இப்போது 25 மீட்டர் குளத்தில் நாலு லேப் போனதும் மூச்சு வாங்குகிறது. அடுத்த மார்ச்சில் கடலில் 5 கிலோமீட்டர் நீந்த ஆசை. ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள். இது நடக்கிற காரியமா சார்? (ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: நடக்கும். இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, தாராளமாக நடக்கும். சிரிக்கிறவர்களிடம் மிகிர் சென் கதையைச் சொல்லுங்கள். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன வங்காளி. ஃபுளோரன்ஸ் சாட்விக் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியைப் படித்துவிட்டு, நாமும் செய்வோம் என்று கிளம்பினார். அப்போது அவருக்கு ஃப்ரீஸ்டைலே சரியாக வராது. அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டார், கால்வாயில் இறங்கிப் பலமுறை தோற்றார், 1958 செப்டம்பரில் 14 மணி 45 நிமிடத்தில் கடந்தார். இந்தியாவிலிருந்து முதல் ஆள் அவர்தான். 1966-ல் நம் பாக் நீரிணையையும் கடந்தார், 25 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்து. உங்களுக்கு வேண்டியது வெறும் ஐந்து கிலோமீட்டர்.

இனி உங்கள் கிணற்றுக்கு வருவோம். நானும் கிணற்றில் பழகியவன்தான், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி மாமா தூக்கிப் போட்ட கேஸ். கிணறு நமக்குத் தந்த பெரிய சொத்து, ஆழத்தைப் பார்த்துப் பயப்படாதது. பட்டணத்துக் குளத்தில் கோச் வைத்துப் பழகிய பல பேர் காலுக்குக் கீழே தரை தெரியாவிட்டால் உறைந்துபோவார்கள். ஆனால் அதே கிணறு ஒரு கெட்ட பழக்கத்தையும் தந்திருக்கிறது. தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு நீந்துவோம். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், இறங்கிய உடம்பை இழுத்துக்கொண்டு போவது பிரேக் பிடித்தபடி சைக்கிள் மிதிப்பது மாதிரி. ஐம்பது மீட்டர் போகலாம், ஐந்து கிலோமீட்டர் போக முடியாது. முதல் இரண்டு மாதம் இதை மாற்றுவதற்கே சரியாக இருக்கும்: முகம் தண்ணீருக்குள், பார்வை நேர் கீழே, மூச்செடுக்கும்போது தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்புவது.

நாலு லேப்பில் மூச்சு வாங்குவதற்கும் வயதுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. முகம் உள்ளே இருக்கும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உள்ளே இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே திரும்பும்போது நெஞ்சு காலியாக இருந்தால் காற்று தானாக உள்ளே வரும். அடக்கி வைத்தால் கெட்ட காற்று சேர்ந்து, மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு பீதி கிளம்பும். இதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடிகூட நகராமல், தினம் பத்து நிமிடம் பழகுங்கள். பக்கத்து லேனில் இருக்கிற பொடியன் உங்களைப் பார்த்துச் சிரிப்பான், சிரிக்கட்டும்.

அப்புறம், மெதுவாக நீந்துங்கள். இது சொல்லச் சுலபம், செய்யத்தான் கஷ்டம். ஒரு லேப் முடிந்து சுவரைத் தொட்டதும் திக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுதான் உங்கள் வேகம், முடியாவிட்டால் அது உங்கள் வேகம் இல்லை. அந்த வேகத்தில் 100 மீட்டருக்கு மூன்று நிமிடம் ஆகிறதா, ஆகட்டும். ஐந்து கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் வரும். பல சினிமா அதைவிட நீளம்.

வாரம் மூன்று நாள் போதும். இரண்டு நாள் முக்கால் மணி நேரம், பாதி உத்திக்கு, பாதி கொஞ்சம் மூச்சிரைக்கிற வேகத்துக்கு. மூன்றாவது நாள், சனியோ ஞாயிறோ, ஒரு நீண்ட நீச்சல். அதை முதலில் 600 மீட்டரில் ஆரம்பித்து வாரா வாரம் ஒரு நூறு, இருநூறு கூட்டிக்கொண்டே போங்கள், நாலு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைத்துத் தோளுக்கு ஓய்வு கொடுங்கள். நீச்சல்காரனை முதலில் கைவிடுவது நெஞ்சு இல்லை, தோள்பட்டை. கையைத் தூக்கும்போது சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், இன்னும் பத்து லேப்தானே என்று வீம்பு பிடித்து நான் மூன்று மாதம் சட்டைகூடத் தானாகப் போட முடியாமல் இருந்தேன். குளத்திலேயே ஐந்து கிலோமீட்டர் முடித்துப் பார்க்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, நாலு வந்துவிட்டால் மீதி ஒன்று அன்றைக்கு வந்துவிடும்.

ஆனால் கடலை நேரில் பழகாமல் கடலில் நீந்த முடியாது. குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வரும், நீங்கள் அறியாமலே ஒரு நொடி ஓய்வு கிடைக்கும். கடலில் அது கிடையாது, தரையில் கறுப்புக் கோடும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை, கண் மட்டும் தண்ணீருக்கு மேல் வருகிற அளவு முதலை மாதிரி தலையைத் தூக்கி, கரையில் ஒரு அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கோயில் கோபுரம், செல்போன் டவர், கலங்கரை விளக்கம், எதுவானாலும் உயரமாக இருக்கட்டும். மண்டபம் பக்கம் என் முதல் நீச்சலில் நான் பாட்டுக்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கால் மணி நேரம் போனேன். நிமிர்ந்தால் கரை இருக்க வேண்டிய பக்கத்தில் கரை இல்லை. கூட வந்த படகுக்காரர், "அண்ணே, அப்படியே போனா சிலோன்தான்" என்றார்.

சென்னையில் மெரினா வேண்டவே வேண்டாம். அங்கே இறங்கக் காவல்துறை தடை இருக்கிறது, தடைக்குக் காரணமும் இருக்கிறது. அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் அலை உடையாமல் அமைதியாக, கலங்கலாகத் தெரியும். புதிதாக வருகிறவர் அதுதான் நல்ல இடம் என்று அங்கே இறங்குவார். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதக் கூடாது, ஒலிம்பிக் வீரராலும் முடியாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தினால் இழுப்பு விட்டுவிடும், பிறகு அலையோடு வரலாம். நீந்தத் தெம்பில்லை என்றால் மல்லாந்து மிதந்துகொண்டு கையைத் தூக்குங்கள். மல்லாந்து பத்து நிமிடம் சும்மா கிடக்கத் தெரியாதவர் கடலில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி.

மீனவர் ஊர் ஒன்றில் ஒரு பைபர் படகுக்காரரைப் பிடியுங்கள். காசு கொடுங்கள், ஆனால் அவர் "இன்னைக்கு வேணாம்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே தெரியும். நம் கிழக்குக் கரையில் பிப்ரவரிக்குப் பிறகு ஓட்டம் பெரும்பாலும் வடக்கே, ஐப்பசி கார்த்திகையில் தெற்கே. வடகிழக்குப் பருவமழை முடிகிற வரை குளத்திலேயே இருந்துவிட்டு, தை பிறந்ததும் கடலுக்குப் போவது சரியாக வரும். படகு நீங்கள் மூச்செடுக்கிற பக்கத்தில் வரட்டும், ஆனால் புகை உங்கள் மேல் வராதபடி காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக. டீசல் புகையில் வாந்தி எடுத்துக்கொண்டே நீந்தியவன் சொல்கிறேன். நீங்கள் கிட்டே போகும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுத் தொப்பி, இடுப்பில் கட்டுகிற மிதவை இரண்டும் கட்டாயம். தனியாக ஒருநாளும் வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. மாவட்ட அளவில் பரிசு வாங்குகிறான். பயிற்சியாளர், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்த வைக்கலாம், பேர் வரும் என்கிறார். என்ன சொல்கிறீர்கள்? (ஒரு தாய், தூத்துக்குடி)

பதில்: குற்றாலீஸ்வரன் 1994-ல் பாக் நீரிணையைக் கடந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதுதான் அம்மா. அதே வருடம் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து, மிகிர் சென்னின் ஐந்து என்ற சாதனையை முறியடித்தார். அதனால் சின்னப் பையனால் முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். "பேர் வரும்" என்பதுதான் எனக்கு உதைக்கிறது. யாருக்குப் பேர்?

சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு நாட்டு அரசு அனுமதியும் வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் அலைய வேண்டும். பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி இருட்டில் இறங்குவார்கள், விடிந்து வெயில் ஏறிய பிறகும் நீச்சல் முடியாது. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது என்பார்கள், ஆனால் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். பத்து மணி நேரம் கிடந்தால் 28 டிகிரியிலும் ஒல்லிப் பையனுக்கு உதடு நீலம் பாரித்து நடுக்கம் வரலாம். அந்த நேரத்தில் அவனைத் தூக்குகிற அதிகாரம் பயிற்சியாளரிடம் மட்டும் இருக்கக் கூடாது, அவருக்கு அன்றைக்குக் கரை மட்டும்தான் தெரியும். பரிசிலும் போட்டோவிலும் பங்கில்லாத ஒரு மருத்துவர் படகில் இருக்க வேண்டும், அவர் போதும் என்றால் போதும்.

முதலில் பையனை இரண்டு மணி நேரம் கடலில் நீந்த விட்டுப் பாருங்கள். முடித்து வந்ததும் அவனாகவே அடுத்து எப்போது என்று கேட்கிறானா பாருங்கள். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், குளம் இருக்கிறது, பரிசும் வாங்குகிறான், அப்புறம் என்ன?

கேள்வி: தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் பாக் நீரிணை என்றால் உங்கள் ஆட்கள் மட்டும்தானோ? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: குட்டு வாங்கிக்கொண்டேன் அண்ணை. மிகிர் சென்னுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1954-ல், தொண்டைமானாற்று நவரத்தினசாமி வல்வெட்டித்துறைப் பக்கமிருந்து கோடியக்கரைக்கு நீந்திவிட்டார். அந்த வழி 50 கிலோமீட்டருக்கும் மேல், தனுஷ்கோடி வழியைவிட எவ்வளவோ நீளம். 1971-ல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போய்த் திரும்பியும் வந்தார், இடையில் இரண்டு இரவு. அவர் 1984-ல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரை விட்டார். இந்தப் பக்கம் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: வயது 45. நீந்துவேன். கடலுக்கு என்ன உடுத்துவது? சுடிதாரோடு நீந்தலாமா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: சுடிதார் வேண்டாம். பருத்தி நனைந்தால் கல் மாதிரி இழுக்கும், துப்பட்டா காலில் சுற்றும். கை கால் முழுக்க மூடுகிற, உடம்போடு ஒட்டிய நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது, தைரியமாகப் போடுங்கள். ஆங்கிலக் கால்வாய்ச் சங்கங்களின் விதிப்படி கை வைத்த உடை கூடாதுதான், நாம் அங்கே போகவில்லையே. முழு உடைக்கு இன்னொரு லாபம், வெயிலும் சொறியும் பாதி தடுக்கப்படும். சொறி என்று நான் சொல்வது ஜெல்லி மீனை. பட்டுவிட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், இரண்டுமே ஒட்டியிருக்கிற விஷப் பைகளை உடைத்துவிடும். கடல் தண்ணீரால் கழுவி, நூல் மாதிரி ஒட்டியிருப்பதைச் சுரண்டாமல் சாமணத்தாலோ குச்சியாலோ மெதுவாக எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றினால் வலி குறையும். மூச்சு இரைத்தால், முகம் வீங்கினால் நேரே ஆஸ்பத்திரி. அக்குளிலும் கழுத்திலும் தோள்பட்டியின் ஓரத்திலும் வாஸ்லினைத் தாராளமாக அப்பிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் தோல் உரசினால் அன்று ராத்திரி குளிக்கும்போது தெரியும் சேதி.

கேள்வி: நீந்தும்போது எதைச் சாப்பிடுவது? நடுக்கடலில் பசிக்காதா? (ஒரு மாணவர், காரைக்கால்)

பதில்: பசிக்கிற வரை காத்திருந்தால் காரியம் கெட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீந்துவதென்றால் அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போக வேண்டும், அதிலும் பெரும்பகுதி திரவமாக. கயிற்றில் கட்டிய பாட்டிலைப் படகிலிருந்து வீசுவார்கள், மல்லாந்தபடி குடித்துவிட்டு விட வேண்டியதுதான். படகைத் தொடக் கூடாது, நீண்ட தூர நீச்சலில் தொட்டால் அவ்வளவுதான், கணக்கில் வராது. எலுமிச்சை, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்ட தண்ணீர், இளநீர், உப்பும் வெல்லமும் கலந்த கஞ்சித் தண்ணீர், எனக்கு இதெல்லாம் ஒத்துப்போகிறது. பால் கலந்த எதுவும் ஆகாது. உங்களுக்கு எது ஆகும் என்பதைக் குளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

இங்கிலீஷ் வீடியோக்களைப் பார்த்துக் குளிரைத் தாங்கப் பயிற்சி செய்கிறேன், ஐஸ் தண்ணீரில் குளிக்கிறேன் என்று இன்னொரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலக் கால்வாய் 15 முதல் 18 டிகிரி, அவர்களுக்கு அது வேண்டும். நம் கடல் சித்திரையில் 30-ஐத் தொடும், நமக்கு ஆபத்து சூடு. 2010-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் போட்டியில் ஃபிரான் கிரிப்பன் என்ற 26 வயது அமெரிக்க வீரர், உலகத்தரத்து ஆள், வெந்நீர் மாதிரி இருந்த கடலில் நீந்தும்போதே இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டினால் போட்டி கூடாது என்று விதி வந்தது. தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது, தாகமும் சரியாகத் தெரியாது. அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுங்கள்.

வாழைப்பழம் எடுத்துப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போகலாம். ஆனால் இரண்டு மணி நேரம் உப்புத் தண்ணீர் பட்ட நாக்கு தடித்துப்போய் எதைத் தின்றாலும் கருவாடு மாதிரி இருக்கும், முதலில் நல்ல தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடியுங்கள். தோலைக் கடலில் எறியாதீர்கள், படகுக்காரர் திட்டுவார்.