வாசகர் கேள்வி, எங்கள் பதில்: கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கரைப் பழக்குவதும் தேர்ந்தெடுப்பதும்

கேள்வி: என் 20 வாட் வால்வு ஆம்பில் (கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்ளிஃபயரில்) இருந்த பழைய ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, சென்ற மாதம் 12 அங்குல செலஸ்டியன் விண்டேஜ் 30 ஒன்றைப் பொருத்தினேன். மெல்லிய கம்பிகளின் ஒலி காதைக் குத்துகிறது. தடித்த கம்பிகள் இறுகிப்போனதுபோல் கேட்கின்றன. “ஓடி ஓடிப் பழகினால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார் கடைக்காரர். இது உண்மையா? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளில் ஒன்றுக்கு அவர் சொன்னது பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது.

ஸ்பீக்கரில் பழகுவது எது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒலியெழுப்பும் தாள் கூம்பான கோனை நடுவில் தாங்கி, அதன் அடியில் ஒட்டிய கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தின் இடுக்கில் பக்கவாட்டில் நகராமல் முன்னும் பின்னும் மட்டும் போய்வரச் செய்வது ஸ்பைடர் எனப்படும் வட்டமான, மடிப்பு மடிப்பான துணி. பிசின் ஊட்டி, சூட்டில் அழுத்தி வடிவம் கொடுக்கப்பட்ட துணி அது. புதிதாக வரும்போது, முதல் முறை கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியைப்போல விறைப்பாக இருக்கும். கோனின் வெளி விளிம்பில் உள்ள மடிப்புகளும் அப்படித்தான். ஒலி எழும்போது இவை ஒவ்வொரு நொடியும் பலமுறை வளைந்து நிமிர்வதால் பிசினின் பிடி சற்றே தளர்கிறது. அதனால் கோன் தன்னியல்பாக அதிரும் அலைவெண் சில ஹெர்ட்ஸ் கீழே இறங்குகிறது. விண்டேஜ் 30க்கு அந்த அலைவெண் 75 ஹெர்ட்ஸ் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி எழுப்பும் அடிநாதமோ சுமார் 82 ஹெர்ட்ஸ். இரண்டும் அக்கம்பக்கத்தில் இருப்பதால்தான், ஸ்பைடர் தளரும்போது தடித்த கம்பிகளின் ஒலியில் அந்த மாற்றம் முதலில் தெரிகிறது. ஆகவே உங்கள் இரண்டாவது குறை பெரும்பாலும் நாளடைவில் தீரும்.

காதைக் குத்தும் ஒலியின் கதை வேறு. உயர் நடுத்தர அலைவெண்களில் எழுச்சி இருப்பது விண்டேஜ் 30இன் இயல்பு. இசைக்குழுவின் நெரிசலில் கிட்டார் தனித்துக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அதை நாடுவதற்கே அதுதான் காரணம். பழகப் பழக அதன் முனை கொஞ்சம் மழுங்கலாம், ஆனால் அந்த எழுச்சி மறையாது. இரண்டு ஆண்டுகள் வாசித்த ஸ்பீக்கர் ஒன்றையும், அதே மாடலில் அன்று பிரித்த புதியது ஒன்றையும் ஒரே கேபினட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, மைக்கை இரண்டின் முன்பும் ஒரே தூரத்தில் வைத்துப் பதிவுசெய்து பார்த்திருக்கிறேன். ஆறாவது கம்பியைத் தட்டியபோது பழையதில் ஒலி சற்று விரிந்து மெல்ல அடங்கியது. புதியதில் தட்டின உடனே நின்றதுபோல் இருந்தது. மெல்லிய கம்பிகளில் இரண்டையும் பிரித்தறிய நான் மிகவும் சிரமப்பட்டேன். வாரக்கணக்கில் ஒரே ஒலியைக் கேட்கும் நம் காதும் அதற்குப் பழகிவிடுகிறது என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் மாறிவிட்டதாக நாம் நம்புவதில் ஒரு பங்கு காதினுடையது.

15 முதல் 20 மணி நேரம் நன்றாக வாசித்த பிறகு முடிவெடுங்கள். அதற்குள் ஒன்று செய்து பாருங்கள். கிட்டார் ஸ்பீக்கரின் உயர் அலைவெண்கள் டார்ச் ஒளியைப்போல நேர் எதிரே குவிந்து செல்பவை. ஆம்ப் தரையில் இருக்கும்போது அவை உங்கள் முழங்காலைத் தாக்கும். மேசைமேல் ஏற்றி எதிரே உட்கார்ந்தால் நேராகக் காதில் பாயும். ஆம்பைச் சற்றுத் திருப்பிவைத்து, பக்கவாட்டில் நின்று வாசித்துக் கேளுங்கள். அப்போதும் குத்தினால், அந்த ஸ்பீக்கர் உங்கள் கைக்கும் ஆம்புக்கும் ஒத்துவரவில்லை என்று கொள்ளலாம். பழகட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கரை விரைவாகப் பழக்க, 6.3 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை நேராக அதில் இணைத்து இரவு முழுவதும் ஓடவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 6.3 வோல்ட் என்றால் சுமார் 5 வாட்தான், அது காயிலை எரித்துவிடாது என்பது கணக்குப்படி சரி. ஆனால் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலை, ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வுக்கும் கீழே இருப்பது. பெட்டியில் பொருத்தாத கோன் அதில் அளவுக்கு மீறி முன்னும் பின்னும் போய்வரும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் 230 வோல்ட் திறந்து கிடக்க, வீட்டில் எல்லோரும் உறங்கும் வேளையில் அதை ஓடவிடுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

வாசிப்பதே சிறந்த வழி. ஒலி சிதையாமல் தெளிவாக இருக்கும்படி கெயினை (ஒலியைச் சிதைக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை) குறைத்து, பேஸை ஓரளவு கூட்டி, பக்கத்து அறையில் இருப்பவர் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்குச் சத்தம் வைத்து, தடித்த கம்பிகளில் முழுக் கார்டுகளாக (பல சுரங்களை ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டுகளாக) வாசியுங்கள். மெல்லிய ஒலியில் நூறு மணி நேரம் வாசித்தாலும் கோன் அசைவது மிகக் குறைவு. முதல் சில மணி நேரத்தில் ஸ்பீக்கரின் வாட் அளவில் பாதியைத் தாண்ட வேண்டாம். லூப்பர் பெடல் இருந்தால் சில நிமிட வாசிப்பைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடலாம். ஆனால் வால்வு ஆம்பை யாரும் இல்லாத அறையில் விட்டுச் செல்லக் கூடாது.

கேள்வி: என்னிடம் 50 வாட் வால்வு ஆம்ப் உள்ளது. ஒற்றை 12 அங்குல கேபினட்டில் 25 வாட் செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர் போட ஆசை. தாங்குமா? ஆல்னிகோ காந்தம் கொண்டது உயர்ந்தது என்கிறார்களே?

பதில்: தாங்காது. 50 வாட் என்பது ஒலி சிதையாத நிலையில் ஆம்ப் தரும் அளவு. முழுதும் திருப்பினால் அதைவிடக் கூடுதலாகத் தரும். ஒற்றை ஸ்பீக்கருக்கு ஆம்பின் வாட் அளவைப்போல் இருமடங்கு இருப்பது நிம்மதி. நான்கு 25 வாட் கிரீன்பேக்குகள் இருக்கும் பெட்டி 100 வாட்டைப் பகிர்ந்து கொள்ளும். ஒன்றே ஒன்று மட்டும் இருக்கையில் எல்லாச் சுமையும் அதன் காயிலில்தான் இறங்கும். கிரீன்பேக்கின் சாயலில் ஒலிக்கும் 65 வாட் கிரீம்பேக், இருமடங்கு இல்லாவிட்டாலும், ஆம்பை முழுதும் திருப்பாமல் வாசித்தால் உங்களுக்குப் பொருந்தும்.

வாட்டுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. பலர் இதைக் கவனிக்காமலே வாங்கிவிடுகிறார்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் கிடைக்கிறது என்பதே அது. 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் கொண்டதைப் போடுவது ஆம்பின் வாட்டை இருமடங்காக்குவதற்குச் சமம். வீட்டில் மெதுவாக வாசிப்பவருக்கு அதுவே தொல்லையாகவும் முடியலாம்.

இம்பீடன்ஸில், அதாவது ஓம் கணக்கில் சொல்லப்படும் ஸ்பீக்கரின் மின்தடையில், எந்தச் சலுகையும் கிடையாது. ஆம்பின் பின்புறத்தில் 8 ஓம் என்று எழுதியிருந்தால் 8 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பேரலலில் இணைத்தால் 4 ஓம், சீரிஸில் இணைத்தால் 16 ஓம். ஸ்பீக்கரே இணைக்காமல் வால்வு ஆம்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிடலாம். ஸ்பீக்கர் மாற்றும் நாளில் பலருக்கு நேர்வது இந்த மறதிதான்.

ஆல்னிகோ அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை கலந்த காந்தம். 1950களின் அமெரிக்க ஜென்சன் ஸ்பீக்கர்களிலும், வாக்ஸ் ஏசி30 ஆம்பில் புகழ்பெற்ற நீல நிறச் செலஸ்டியனிலும் இருந்தது அதுவே. கோபால்ட் விலையுயர்ந்தது என்பதால் ஆல்னிகோ ஸ்பீக்கரின் விலையும் ஏறுகிறது. பலத்த வாசிப்பில் அது ஒலியை மெல்ல அமுக்கித் தருகிறது என்பார்கள். நானும் அதை விரும்பிக் கேட்பவன்தான். ஆனால் செலஸ்டியன் புளூ வெறும் 15 வாட் தாங்கும். உங்கள் 50 வாட்டுக்கு முன்னால் ஒற்றையாக அதை வைக்க முடியாது.

கேள்வி: பழைய ஸ்பீக்கர் வாங்கினால் பழக்கும் வேலையே இல்லையல்லவா? எப்படிச் சோதிப்பது?

பதில்: உண்மைதான், வேலை மிச்சம். விரல் நுனிகளைக் கோனின் நடுவைச் சுற்றிச் சம தூரத்தில் வைத்து, மிக மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். தாளில் நகம் உரசுவது போன்ற சிறு சத்தம் கேட்டால் காயில் காந்தத்தில் உரசுகிறது என்று பொருள். அதை வாங்க வேண்டாம். மல்டிமீட்டரில் அளக்கும்போது 8 ஓம் ஸ்பீக்கர் 6.5 முதல் 7 ஓம் வரை காட்டினால் சரி; எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஸ்பீக்கரின் பாசிட்டிவ் முனையில் ஒரு கணம் தொட்டால் கோன் பொதுவாக முன்னே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்கள் போடும்போது ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் போனால், பேஸ் காணாமல் போவதற்குக் காரணம் அவற்றில் ஒன்றின் ஒயர்கள் மாறியிருப்பதுதான்.