அந்தக் குறுஞ்செய்தி யார் போனுக்குப் போகிறது?

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று யோசனை. சத்து மாத்திரை, செக்கப் தேதி, இந்த மாதிரி. "மெசேஜ் பார்த்தா பிரசவம் நல்லபடியா நடந்துடுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நிஜமாகவே பலன் உண்டா?
– ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: உண்டு. ஆனால் வெறும் செய்தியால் வருகிற பலன் கொஞ்சம்தான், அதோடு சேர்த்து நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது.

தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் 2009-10இல் இதைச் சரியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 24 ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2,550 கர்ப்பிணிகள். பாதி நிலையங்களுக்கு வந்த பெண்களுக்கு எத்தனையாவது வாரம் என்று பார்த்து குறுஞ்செய்தி போனது. கூடவே அவர்கள் சுகாதாரப் பணியாளரை அழைத்துப் பேசுவதற்கு போனில் காசும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களில் நூற்றுக்கு 60 பேர் பயிற்சி பெற்றவர் துணையோடு பிரசவித்தார்கள், மற்ற நிலையங்களில் 47 பேர். பிறப்பை ஒட்டி இறந்த குழந்தைகள் செய்தி போன நிலையங்களில் ஆயிரத்துக்கு 19, மற்றதில் 36. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த ரீசார்ஜ்தான். "ரத்தம் பட்டால் உடனே சொல்" என்று செய்தி வந்து, சொல்வதற்கு போனில் காசு இல்லை என்றால் அந்தப் பெண் என்ன செய்வாள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரசவத் துணை விஷயத்தில் அங்கே முன்னேற்றம் தெரிந்தது நகரத்துப் பெண்களிடம்தான், கிராமத்துப் பெண்களை அது எட்டவில்லை. உங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருந்தால், வண்டிக்கு என்ன வழி என்பதை முதலில் பேசி வைத்துவிட்டு அப்புறம் செய்தி எழுத உட்காருங்கள்.

தென்னாப்பிரிக்க அரசு 2014 ஆகஸ்டில் தொடங்கிய மாம்கனெக்ட் என்ற தாய்மார் குறுஞ்செய்தித் திட்டத்தையும் பாருங்கள். நாட்டின் 11 மொழிகளில், காசில்லாமல், குழந்தை பிறந்த பிறகும் செய்தி வரும். அதற்கு அந்தப் பெண் பதில் எழுதலாம், சந்தேகம் கேட்கலாம், கிளினிக்கில் மருந்து இல்லை என்று புகாரும் செய்யலாம், படித்துப் பதில் போட ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் பன்னிரண்டு பேரில் இரண்டு பேராவது இந்த வேலைக்கு வேண்டும். கேள்விக்கு உங்கள் சொந்த யோசனையைச் சொல்லாமல் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுச் சொல்லுங்கள், செய்திகளையும் அவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

எழுதும்போது ஒன்று: சாதா எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70தான், அதிலும் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். அதனால் "அன்பான தாய்மார்களே" என்று ஆரம்பித்தால் அதிலேயே கால்வாசி போய்விடும். "குழந்தை அசைவு குறைந்தால் காத்திராமல் 108 அழையுங்கள்" – இவ்வளவு போதும், ஒரே செய்தியில் அடங்கிவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது போன் போட்டுப் பேசிவிடுங்கள். மும்பையில் எம்மித்ரா என்ற திட்டத்தில் குரல் அழைப்புதான், எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்று அந்தப் பெண்ணையே கேட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரிலும் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் வேலை முடிந்து உட்காரும் நேரம் ஒன்றாக இருக்காது.

கடைசியாக, இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கரு கலைந்துவிட்டது, குழந்தை தங்கவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பறிகொடுத்தவள் போனில் "உங்கள் குழந்தைக்கு இன்று மூன்று வாரம்" என்று வந்து நிற்கக் கூடாது. மாம்கனெக்ட்டில் அப்படிப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்திகளே தனியாக உண்டு. உங்களால் நேரில் போய்ப் பார்க்க முடியும், போய்ப் பாருங்கள்.

கேள்வி: மனைவி வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். சுகாதார நிலையத்தில் பதிந்தபோது என் நம்பரைக் கொடுத்திருந்தோம். செக்கப், தடுப்பூசி என்று வரும் செய்தியெல்லாம் எனக்கே வருகிறது. நான் ஷிப்ட் முடிந்து பார்ப்பதற்குள் நாள் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்களைப் போலப் பல வீடுகளில் இதே கதைதான். ஏழாம் மாதம் பெண் இடம் மாறிவிடுகிறாள், நம்பர் மட்டும் புருஷன் வீட்டில் தங்கிவிடுகிறது, அதுவும் செய்தி அதிகம் தேவைப்படுகிற நேரத்தில். உங்கள் செவிலியரிடம் சொல்லி பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவில் உங்கள் போன் எண்ணுக்குப் பதில் மனைவியின் எண்ணை மாற்றித் தரக் கேளுங்கள். தாய்வீட்டுப் பகுதி செவிலியரிடமும் ஆர்சிஎச் எண்ணை (கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பதிவு எண்) மனைவி காட்டி, பிரசவம் இங்கேதான் என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த எண் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும், பத்திரம். அவளுக்கென்று போன் இல்லை என்றால் அவள் அம்மாவுடைய எண்ணைக் கொடுக்கலாம், ஆனால் ஒரு சாதாரண போன் வாங்கிக் கொடுக்க முடிந்தால் அதுதான் நல்லது. சில விஷயங்களை அம்மா எதிரில்கூடப் படிக்கக் கூச்சமாக இருக்கும்.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். 'பால் குடிக்காவிட்டால் உடனே மருத்துவமனை' என்று செய்தி வந்தது. ஒரு வேளை பால் குடிக்காததற்கெல்லாம் ஓடணுமா, உரை மருந்து கொடுத்துப் பார்த்தால் போதாதா?
– ஒரு பாட்டி, விருதுநகர்

பதில்: அம்மா, ஓடத்தான் வேண்டும். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பச்சைக்குழந்தை குடிப்பதை நிறுத்தினால் அது உடம்புக்குள் தொற்று பரவுவதன் முதல் அடையாளமாக இருக்கலாம், அது சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். அதேபோல உடம்பு சுட்டாலும், தொட்டால் சில்லென்று இருந்தாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலும், வலிப்பு வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாக இருந்தாலும், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலும் பொழுது விடியட்டும் என்று இருக்காதீர்கள். உரை மருந்து வேண்டவே வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். போகும் வழியில் குழந்தையை மகளின் நெஞ்சோடு ஒட்டி வைத்துத் துணியால் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள், சூடு போகாது. வண்டிக்கு 108. உங்கள் போனிலும் மகள் போனிலும் செவிலியர் நம்பரை இன்றைக்கே பதிந்து வையுங்கள்.