பாம்புக்குப் பெட்டி: வாங்குவதா, நாமே செய்வதா?

கேள்வி: ஒரு வயது நிரம்பிய சோளப் பாம்பு ஒன்றை வளர்ப்பாளர் ஒருவரிடமிருந்து உரிய ஆவணங்களுடன் வாங்குவதற்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். இப்போது அதன் நீளம் ஏறக்குறைய 75 செ.மீ. செல்லப்பிராணிக் கடையில் 60 செ.மீ. நீளமுள்ள கண்ணாடித் தொட்டியுடன் சூடாகும் செயற்கைக் கல், சிவப்பு பல்பு, சுவரில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தருகிறார்கள். எனக்கு மரவேலை ஓரளவு தெரியும். தொகுப்பை வாங்கிவிடலாமா, அல்லது நானே பெட்டி செய்யட்டுமா?

பதில்: நீங்களே செய்யுங்கள். அந்தத் தொகுப்பில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவற்றை ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்களுக்கு இலாபமாக இராது.

முதலில் அளவைப் பார்ப்போம். நன்கு வளர்ந்த சோளப் பாம்பு பெரும்பாலும் 90 செ.மீ. முதல் 150 செ.மீ. வரை நீளும். பாம்பு எப்போதும் சுருண்டே கிடக்கும், அதற்கு இடம் வேண்டாம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஆனால் இடம் கொடுத்துப் பார்த்தால் அது நீட்டிப் படுக்கிறது, ஏறுகிறது, இரவில் பெட்டி முழுவதும் சுற்றி வருகிறது. ஆகவே 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம் என்பதைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுங்கள். இளம் பாம்பைப் பெரிய பெட்டியில் விட்டால் மிரண்டு இரை எடுக்காது என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. அதை மிரட்டுவது மறைவிடம் இல்லாத வெட்டவெளிதான். உடலை ஒட்டிய அளவில் இரண்டு மூன்று மறைவிடங்கள், கிளைகள், செயற்கை இலைக்கொத்துகள் என்று இடத்தை நிரப்பிவிட்டால் 75 செ.மீ. பாம்பும் அங்கே நிம்மதியாக இருக்கும்.

மரவேலை தெரிந்தவருக்கு இந்த அளவில் ஒரு வசதியும் இருக்கிறது. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையை நான்கு சம பாகங்களாக வெட்டினால், ரம்பம் தின்னும் அகலம் போக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 செ.மீ.க்கு 60 செ.மீ. கிடைக்கும். மூன்று பாகங்கள் மேல், கீழ், பின் பலகைகளாகும். நான்காவதை இரண்டாக வெட்டினால் பக்கப் பலகைகள் கிடைத்துவிடும். முன்புறம் கண்ணாடியைத் தாங்கும் மேல், கீழ் சட்டங்களுக்கு மட்டும் தனியாகக் கட்டை வாங்க வேண்டும். கீழ்ச் சட்டம் 10 செ.மீ. உயரமாவது இருக்கட்டும், அப்போதுதான் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குப் போடும் தரைவிரிப்பு (மரச்சீவல் போன்றது) கண்ணாடித் தடத்துக்குள் கொட்டாது. பக்கப் பலகைகளை மேல், கீழ் பலகைகளின் முனைகளுக்கு வெளியே பொருத்தினால் உள்நீளம் குறையாது. 12 மி.மீ. தடிமன் போதும். சிடார் மரத்தை எந்த வடிவிலும் பயன்படுத்த வேண்டாம். அதன் நறுமண எண்ணெய்கள் ஊர்வனவற்றுக்குத் தீங்கு செய்பவை. தரையில் பரப்பும் சீவலுக்கும் இது பொருந்தும்; ஆஸ்பென் மரச்சீவல் சோளப் பாம்புக்கு ஏற்றது, பாம்பு அதற்குள் வளை அமைத்துக்கொள்ளவும் செய்யும்.

அந்தத் தொகுப்பில் என்னை மிகவும் வருத்துவது சூடாகும் கல்தான். அதன் மேற்பரப்பு ஓரிடத்தில் மிதமாகவும் மற்றோரிடத்தில் கடுமையாகவும் சூடாகிறது. வயிற்றுப்புறம் வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு உடனே விலகிப் போவதில்லை. காயம் கண்ணில் படும்போது செதில்கள் பழுத்திருக்கும். இத்தகைய கல்லை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சிவப்பு பல்பு இரவிலும் வெளிச்சத்தைக் கொடுத்து, பகலும் இரவும் மாறி வரும் ஒழுங்கைக் கெடுக்கிறது. வட்ட முள் வெப்பமானி தான் ஒட்டியிருக்கும் சுவரின் வெப்பத்தைச் சொல்லும். பாம்பு படுக்கும் இடத்தில் என்ன வெப்பம் என்பதைச் சொல்லாது.

கேள்வி: மேலே உள்ளவரைப் போலவே நானும் பெட்டி செய்து முடித்துவிட்டேன். வெப்பத்துக்கு எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். வெப்பப் பாய், செராமிக் ஹீட்டர், ஹாலோஜன் பல்பு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் குறைந்த வாட் பல்பைப் போட்டுச் சமாளிக்க முடியாதா?

பதில்: முடியாது. பலகையில், மறைவிடத்தில், கிளைகளில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள். கவிழ்த்த பூத்தொட்டியும் அட்டைப் பெட்டியும்கூட நல்ல மறைவிடங்களே. ஆனால் தெர்மோஸ்டாட்டில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். குளிர்ந்த நாளில் சரியாக இருக்கும் அதே பல்பு, அறை வெப்பம் சில டிகிரி ஏறிய நாளில் மூடிய பெட்டியை அடுப்பாக்கிவிடும். தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர் பாம்பு. தப்பிச் செல்ல குளிர்ந்த மூலை இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் இறந்துவிடும்.

நீங்கள் உருவாக்க வேண்டியது பெட்டி முழுவதும் ஒரே வெப்பம் அல்ல. ஒரு முனையில் பாம்பு வெயில் காயும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 22 முதல் 25 டிகிரி. இடையில் படிப்படியான இறக்கம். சோளப் பாம்புக்கு இது போதும். இரை செரிக்க வேண்டும்போது சூட்டுப் பக்கமும் மற்ற நேரங்களில் குளிர்ந்த பக்கமுமாக அது தன் இடத்தைத் தேர்ந்துகொள்ளும். இரு முனைகளிலும் மறைவிடம் வைக்காவிட்டால், பாதுகாப்புக்காகத் தனக்கு வேண்டாத வெப்பத்தில் கிடக்கவேண்டிய நிலை அதற்கு வந்துவிடும். பெட்டியின் நீளம் 120 செ.மீ. வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: சிறிய தொட்டியில் இரு முனைகளுக்கும் இடையே இந்த வேறுபாட்டைக் கொண்டுவரவே முடிவதில்லை.

மரப்பெட்டிக்கு வெப்பப் பாய் அவ்வளவாகப் பொருந்தாது. மரம் வெப்பத்தைத் தடுப்பதால் அடியில் வைத்தால் பயனில்லை; உள்ளே வைத்து மேலே தடித்த தரைவிரிப்பைப் போட்டால் சூடு பாயிலேயே தேங்கிவிடும். பகலுக்கு ஹாலோஜன் பல்பை வாங்குங்கள். அதன் அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதி தசைக்குள்ளும் ஊடுருவுவதால் வெயில் காய்வதற்கு மிக நெருக்கமான சூடு அதில் கிடைக்கிறது. இரவில் அறை மிகவும் குளிரும் வீடாக இருந்தால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். எதைப் பொருத்தினாலும் அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு கட்டாயம். பாம்பு ஏறாத உயரம் என்று எதுவும் கிடையாது. சூடான பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்துபோன பாம்புகள் பல.

தெர்மோஸ்டாட்டை வாங்கும்போது, எந்த வெப்பக் கருவிக்கு அது உரியது என்று கேட்டு வாங்குங்கள். வெறுமனே இணைத்துத் துண்டிக்கும் எளிய வகை பாய்க்குப் போதும். துடிப்பு முறையில் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் வகை செராமிக் ஹீட்டருக்கு ஏற்றது. அதில் பல்பைப் போட்டால் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஹாலோஜன் பல்புக்கு ஒளியை மெல்லக் கூட்டிக் குறைக்கும் வகைதான் வேண்டும். தெர்மோஸ்டாட் தாங்கும் உச்ச வாட் அளவு அது வரும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெப்பத்தை அறியும் அதன் உணர்முனையைக் கம்பிப்பிடியால் அசையாமல் பொருத்துங்கள். பாம்பு அதைக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிட்டால், கருவி இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பிச் சூடாக்கிக்கொண்டே போகும். ஒட்டும் நாடாவால் ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். பெட்டிக்குள் எந்த வகை ஒட்டுநாடாவும் வரக் கூடாது. அதில் ஒட்டிக்கொண்ட பாம்பை விடுவிப்பதற்குள் செதிலும் தோலும் கிழிந்துவிடுகின்றன.

இரண்டு முனைகளுக்கும் தனித்தனி உணர்முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானி வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் திரையில் தெரியும் எண்ணைச் சரிபார்க்க வேறொரு கருவி இருந்தே தீர வேண்டும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்துமே தவிர, குளிர்விக்காது. அறையே 32 டிகிரியைத் தாண்டும் வீட்டில், பெட்டியை வெயில் நேரடியாக விழும் சன்னலிலிருந்து விலக்கி, வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில் வைப்பதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

புற ஊதா விளக்கு இல்லாமலும் சோளப் பாம்பு வாழ்கிறது. இருந்தால் நல்லது என்பது என் கருத்து. வாங்கினால் மென்மையான வகைக் குழல் விளக்கை வாங்கிப் பெட்டிக்குள்ளேயே பொருத்துங்கள், ஏனெனில் தேவையான கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிரின் வலு குறைந்துகொண்டே வருவதால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும்.

கேள்வி: மூட்டுகளை அடைக்க எந்த சிலிக்கோன் வாங்குவது? வார்னிஷ் அடித்து எத்தனை நாளில் பாம்பை விடலாம்?

பதில்: மீன்தொட்டிக்கு உரியது என்று குறிப்பிட்ட சிலிக்கோனை வாங்குங்கள். குளியலறைக்கு விற்கப்படும் வகைகளில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். சிலிக்கோன் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவது. மேல்தோல் ஒரு மணி நேரத்தில் காய்ந்தாலும் உள்ளே இறுக நாள்கள் ஆகும். காடி போன்ற வாடை முற்றிலும் நிற்கும் வரை காத்திருங்கள். நீர் சார்ந்த பாலியூரிதேன் வார்னிஷை வெட்டிய விளிம்புகள் உட்பட இரண்டு மூன்று பூச்சு அடித்து, டப்பாவில் எழுதியுள்ள முழு இறுகல் காலத்தைக் கொடுங்கள். தொட்டால் ஒட்டாத நிலையும் முழுமையாக இறுகிய நிலையும் வெவ்வேறு. பிறகு பாம்பு இல்லாமலேயே விளக்கு, தெர்மோஸ்டாட் அனைத்தையும் ஒரு வாரம் இயக்கி, பகலிலும் இரவிலும் உச்ச, தாழ்வெப்பத்தைக் குறித்துவையுங்கள். சூடேறிய பெட்டியைத் திறக்கும்போது வாடை அடித்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: நகரும் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டியிலிருந்து என் பாம்பு நேற்றிரவு வெளியேறிவிட்டது. கதவு மூடித்தான் இருந்தது. எப்படிச் சென்றிருக்கும்?

பதில்: முதலில் தேடலைச் சொல்கிறேன். அந்த அறையின் கதவு இடுக்குகளைத் துணியால் அடைத்துவிட்டு, தரையை ஒட்டிய இருண்ட, வெதுவெதுப்பான இடங்களைப் பாருங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், அலமாரிகளின் அடி, புத்தகங்களின் பின்பகுதி. பாம்பு பெரும்பாலும் சுவரை ஒட்டியே நகரும். ஆகவே இரவில் சுவரோரமாகத் தண்ணீர்க் கிண்ணமும் ஒரு மறைவிடமும் வையுங்கள். வாசற்படிகளில் மெல்லிய மாவைத் தூவினால் எந்த அறைக்குச் சென்றது என்பது தடத்தில் தெரிந்துவிடும். சில நாள்கள் கழித்துக் கிடைத்த பாம்புகளும் நலமாகவே இருந்திருக்கின்றன, மனம் தளராதீர்கள்.

கதவைப் பொறுத்தவரை, இரு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். வளர்ந்த பாம்பானால், மூக்கால் தள்ளிக் கண்ணாடியை நகர்த்தியிருக்கும். அதற்கு அவ்வளவு வலு உண்டு. கண்ணாடி அலமாரிகளுக்குப் போடும் பல்வரிசைப் பூட்டு ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். அடுத்து, மின்கம்பி செல்லும் துளை. பிளக் நுழைவதற்காகப் பெரிதாகத் துளைத்து, கம்பியை மட்டும் விட்டு மீதியை அடைக்காமல் விடுவது பலர் செய்யும் பிழை. காற்றுத் துளைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்கள். குளிர்ந்த முனையில் தாழ்வாகவும் சூடான முனையில் உயரமாகவும் துளைகள் இருந்தால், சூடான காற்று மேலே வெளியேற, புதிய காற்று கீழே தானாக உள்ளே வரும்.

கேள்வி: பழைய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் என்றால் தாராளமாக வாங்கலாம், பூச்சு உரிந்த மரப்பெட்டி வேண்டாம். அதில் முன்பு இருந்த பாம்பு என்ன ஆனது என்று தயங்காமல் கேளுங்கள். மூலைகளிலும் கண்ணாடித் தடத்திலும் மிளகுத்தூள் போல நகரும் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை சிற்றுண்ணிகள். மர இடுக்குகளில் அவை முட்டையிட்டிருந்தால் ஒழிப்பது பெரும்பாடு. கழுவுவதற்கு நீர்த்த பிளீச்சிங் திரவம் போதும். பிறகு நன்றாக அலசி, வாடை போகக் காயவிட வேண்டும். ஃபீனால் கலந்த தரைத்துடைப்பான்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு.

கேள்வி: இதே பெட்டியில் பிற்பாடு பந்து மலைப்பாம்பு வளர்க்க முடியுமா?

பதில்: அளவு பொருந்தும், ஈரப்பதம்தான் பொருந்தாது. சோளப் பாம்புக்கு 40 முதல் 60 விழுக்காடு போதும், பந்து மலைப்பாம்புக்கு 60 முதல் 80 வேண்டும். சாதாரண வார்னிஷ் பூசிய பிளைவுட் அந்த ஈரத்தில் விளிம்புகளில் ஊறி உப்பிவிடும். ஆகவே அந்த எண்ணம் உறுதியாக இருந்தால் இப்போதே பி.வி.சி. பலகையில் செய்துவிடுங்கள். ஆஸ்பென் சீவல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தேங்காய் மட்டைத் துண்டுகளுக்கு மாற வேண்டும். மேலே தெளித்துக்கொண்டே இருப்பதைவிடத் தரைவிரிப்பின் அடிப்பகுதியில் நீர் ஊற்றி, மேற்பகுதியை உலர்வாக வைப்பது நல்லது; ஈரத்தில் இடைவிடாமல் படுத்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். பாம்பு சட்டையை ஒரே துண்டாக உரிக்கிறதா என்று பாருங்கள். துண்டு துண்டாக உரிந்தால், அல்லது கண்மேல் உள்ள சவ்வு உரியாமல் நின்றால், பெரும்பாலும் ஈரம் போதவில்லை என்றே கொள்ளலாம். ஈரப் பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்று அப்போது உதவும்.

எல்லா மலைப்பாம்பு இனங்களும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளன. எந்த இனத்தை வளர்க்கலாம், எதற்கு உரிமம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் நாட்டு வனவிலங்குத் துறையிடம் கேட்டறிந்த பிறகே பலகை வாங்கப் போங்கள். வாங்கப்போகும் பாம்பு காட்டில் பிடிக்கப்பட்டதன்று, வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான எழுத்துச் சான்றின் நகலை விற்பவர் தரும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.