வாசகர் கேள்வி பதில்: ஓடக்காரர் வளர்த்த ஊர்

கேள்வி: ஆஸ்திரேலியாவுல மர்ரே நதிக்கரையில இருக்கற எச்சூகாவை உண்டாக்கினது ஒரு முன்னாள் கைதின்னு படிச்சேன் சார். படகு விட்டே ஒரு ஊரை வளர்க்க முடியுமா?

பதில்: முடிஞ்சிருக்கு. ஹென்றி ஹாப்வுட்னு பேரு, இங்கிலாந்துல போல்டன் ஊர்க்காரர், திருட்டுப் பட்டு வாங்கின கேஸ்ல 14 வருஷ தண்டனை போட்டு 1834ல டாஸ்மேனியாவுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க. அப்புறம் விடுதலையாகி மர்ரே பக்கம் வந்தவர் 1850கள்ல அங்க ஓடம் விட ஆரம்பிச்சார். அவர் பிடிச்ச இடத்தைப் பாருங்க, அதுலதான் எல்லாமே இருக்கு. ஆத்துக்கு வடக்கே நியூ சவுத் வேல்ஸ், ஆடு மாடு மேயற பூமி, தெற்கே விக்டோரியா, பெண்டிகோ தங்க வயல்ல ஆயிரக்கணக்கான பேர் சாப்பாட்டுக்கு நிக்கறாங்க, நடுவுல பாலமே இல்லாத ஆறு. மந்தையோ வண்டியோ எது அக்கரை போகணும்னாலும் ஓடக்கூலி குடுத்தாகணும்.

ஆனா எதிர்க்கரையில ஜேம்ஸ் மெய்டன்னு ஒருத்தர் இவருக்கு முன்னாடியே ஓடம் விட்டுட்டு இருந்தார். அதனால ஓடம் மட்டுமே காரணம்னு என்னால ஒத்துக்க முடியல. வந்த காசை ஹாப்வுட் அதே கரையிலயே போட்டார், அதுதான் வித்தியாசம். மிதவைப் பாலம் போட்டார், 1859ல பிரிட்ஜ் ஹோட்டல் திறந்தார் (கட்டடம் இன்னிக்கும் நிக்குது), மெல்போர்ன்லேர்ந்து ரயில் எச்சூகாவுக்கு வரணும்னு விடாம குரல் குடுத்தார். 1864ல ரயில் வந்துச்சு. அதுவரைக்கும் ஆத்தோட போக்குல தெற்கு ஆஸ்திரேலியா பக்கம் இறங்கிட்டு இருந்த கம்பளிப் பொதியெல்லாம் எச்சூகாவுக்குத் திரும்பிடுச்சு, அங்க இறக்கி ரயில்ல ஏத்தினா நேரா மெல்போர்ன்தான். மறு வருஷமே ரெட் கம்ங்கற யூகலிப்டஸ் மரத்துல வார்ஃப் (சரக்கு ஏத்தி இறக்கற படகுத்துறை) கட்ட ஆரம்பிச்சாங்க. மர்ரேல தண்ணி ஏறினா பல மீட்டர் ஏறும், அதுக்காகவே அடுக்கடுக்கா கட்டினது. விக்டோரியாவுல மெல்போர்னுக்கு அடுத்த பெரிய துறைமுகம்னு பேர் வாங்கற அளவுக்கு ஊர் வளர்ந்துச்சு. ஹாப்வுட் 1869லயே போயிட்டார், முழு வளர்ச்சியையும் பார்க்கல.

இன்னொண்ணும் சொல்லியாகணும். "உண்டாக்கினார்"ங்கற வார்த்தையில எனக்கு உடன்பாடு இல்ல, அது யோர்டா யோர்டா மக்கள் காலங்காலமா வாழ்ந்த மண்ணு, அவங்க கையை விட்டுப் போன நிலத்துலதான் இந்த ஹோட்டலும் துறையும் வந்துச்சு. ஊர் வரலாறு எழுதறவங்க இதை ஒரு வரியில தாண்டிப் போறது நியாயமே இல்ல.

கேள்வி: மர்ரேல நீராவிப் படகு விட்டதும் இவர்தானா?

பதில்: இல்லங்க. அது 1853ல வில்லியம் ராண்டெல், ஃபிரான்சிஸ் காடெல் ரெண்டு பேரும் தனித்தனியா ஆரம்பிச்சது. ராண்டெலோட மேரி ஆன் படகுல பாய்லர் சதுர வடிவம், அழுத்தத்துல உப்பிடுச்சுன்னு சங்கிலி போட்டுக் கட்டி ஓட்டியிருக்கார், அந்தத் துணிச்சலை என்னால மறக்கவே முடியல. அந்தப் படகுங்க வந்ததாலதான் ஹாப்வுட் துறைக்கு மதிப்பே கூடிச்சு.

கேள்வி: இப்பவும் சரக்குப் படகு ஓடுதா?

பதில்: இல்ல. 1876ல ஆத்துக்கு வடக்கே நியூ சவுத் வேல்ஸ்ல இருக்கற டெனிலிக்வின் ஊர் வரைக்கும் ரயில் போயிடுச்சு, அப்புறம் ஒவ்வொரு பாதையா வர வர ஆத்து வியாபாரம் தேய்ஞ்சு போச்சு. இப்ப டூரிஸ்ட் படகுங்கதான், அதுல 1866ல எச்சூகாவுலயே கட்டின அடிலெய்ட் படகும் இருக்கு.