ஊற்று இருந்தால் போதுமா?

வணக்கம் ஐயா,

பாலிக் புலாவில் எங்கள் டுரியான் தோட்டத்து மேட்டில் ஓர் ஊற்று இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வற்றியதில்லை. அதைப் போத்தலில் அடைத்து விற்கலாம் என்று தம்பி துடிக்கிறான். எனக்கு இரண்டு சந்தேகம். பினாங்கில் இவ்வளவு நல்ல மலைத்தண்ணீர் இருந்தும் அந்தக் காலத்து கம்பெனிகள் சோடாவை மட்டும் விற்றது ஏன்? தம்பி முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மணிமாறன், பாலிக் புலாவ்

அன்புள்ள மணிமாறன்,

கண்ணாடிப் போத்தல் கனம், விலையும் அதிகம். அது கடையிலிருந்து திரும்பி வந்து, கழுவி, மறுபடி நிரப்பினால்தான் கட்டுப்படியாகும். உள்ளே இருக்கும் சரக்கு அந்தச் செலவைத் தாங்க வேண்டும். தண்ணீர்மலை அருவி நீர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செங்கல் கால்வாயில் ஜார்ஜ்டவுனுக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் வெறும் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்? சோடாவுக்குக் கொடுத்தார்கள். கரியமில வாயு தண்ணீரைப் புளிப்பாக்கிக் கிருமி பெருகுவதையும் அடக்கும். அரைகுறையாகக் கழுவிய போத்தலில்கூட சோடா தாங்கும், வெறும் நீர் தாங்காது. மூடியும் அப்படித்தான். ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி போத்தலில் கோலியை மேலே அழுத்திப் பிடிப்பதே வாயுதான். வாயு இல்லையென்றால் கோலி கீழே விழுந்துவிடும். ஜான் பிரேசரும் டேவிட் சால்மர்ஸ் நீவும் 1883-இல் சிங்கப்பூரில் சோடா கம்பெனி தொடங்கியதில் வியப்பில்லை. இன்றைய குளிர்பான நிறுவனம் எஃப் அண்ட் என் அதுதான்.

கணக்கை மாற்றியது பெட் பிளாஸ்டிக். நதேனியல் வையத் 1973-இல் அதில் போத்தல் செய்யக் காப்புரிமை பெற்றார். ஒன்றரை லிட்டருக்கு முப்பது கிராம் அளவு பிளாஸ்டிக் போதும். சோதனைக் குழாய் போன்ற சின்ன முன்வடிவங்களாக (பிரீஃபார்ம்) வாங்கி, ஆலையிலேயே சூடாக்கி ஊதிக்கொள்ளலாம். லாரியில் காலிப் போத்தல் ஏற்றி அலைய வேண்டாம். தைப்பிங்கில் ஸ்பிரிட்சர் 1989-இல் வந்தது இதற்குப் பிறகுதான்.

இனி உங்கள் ஊற்று. 20 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். ஆனால் இதை மழைக்காலத்தில் அளந்து மயங்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் கிடைக்கும் அளவுதான் தொழிலுக்கான அளவு. கூடவே நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டர் ஒன்று வாங்கி, வெயில் நாளிலும் கனமழைக்கு மறுநாள் காலையிலும் அளந்து எழுதி வையுங்கள். மழைக்குப் பின் நீர் கலங்கினால், மீட்டர் எண் சட்டென்று இறங்கினால், மேல்மண் நீர் உள்ளே புகுகிறது. நான் அந்த இடத்திலேயே திட்டத்தைக் கைவிடுவேன். டுரியானுக்குப் போடும் உரம், மருந்து, கோழி எரு எல்லாம் அதே வழியில் வரும். ஊற்றுக்கு மேலே யார் தோட்டம், என்ன போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். உரமும் எருவும் நீரில் விடும் நைட்ரேட்டுக்கான சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

நீர் தேறினால் ஊற்றுத் தொட்டி. பாறை தெரியும் வரை தோண்டி, கழுவிய கருங்கல் ஜல்லி நிரப்பி, கான்கிரீட் கட்டி மூடி, மேட்டுப் பக்கம் மழைநீரைத் திருப்ப வாய்க்கால் வெட்ட வேண்டும். பலர் கெடுப்பது, தொட்டி நிரம்பினால் நீர் வெளியேறும் வழிகுழாயின் உயரத்தில். அது ஊற்றுக்கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். அதிகம் தேக்கலாம் என்று மேலே வைத்தால் எதிரழுத்தம் ஏறி, நீர் வேறு வழி தேடிப் போய்விடும். போன ஊற்றைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

பினாங்குத் தீவு கருங்கல் மலை. அந்த நீரில் உப்புகள் குறைவு, சற்றுப் புளிப்பு. ஈப்போவின் சுண்ணாம்பு நீர் போல இராது. நாக்குக்கு இனிமைதான், ஆனால் சிமெண்டையும் துத்தநாகம் பூசிய குழாயையும் அரிக்கும். எவர்சில்வர் அல்லது கருப்பு எச்.டி.பி.இ பிளாஸ்டிக் குழாய் போடுங்கள்.

ஆலைக்குள் பெரும்பாலும் தொல்லை தருவது நிரப்பும் முனையிலும் போத்தல் மூடிகளைக் கொட்டிவைக்கும் தொட்டியிலும் ஒட்டி வளரும் சூடோமோனாஸ் என்ற கிருமி. ஊற்றில் எடுத்த சோதனை நீர் சுத்தமாக இருந்து, போத்தலில் எடுத்தது தேறாமல் போனால் முதலில் அங்கே பாருங்கள். 250 மில்லியில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரத்தின் அளவு. 18.9 லிட்டர் பெரிய போத்தலில் பச்சைப்பாசி படிந்தால் காரணம் வெயில்; கடைக்காரர் அதைக் கடை முன் ஐந்தடி நடைபாதையில் வைப்பதை உங்களால் தடுக்க முடியாது.

1985 உணவு விதிகளின்படி 'ஆயர் மினரல் செமுலா ஜாடி' (இயற்கைக் கனிம நீர்) வேறு, 'ஆயர் மினுமான்' (குடிநீர்) வேறு. இரண்டுக்கும் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் நீர் மாநில அதிகாரத்தில் வருவது; விற்பனைக்கு எடுக்க அனுமதியை அங்கே முதலில் கேளுங்கள். முதல் வகை உரிமம் கிடைக்காவிட்டால் தம்பியின் போட்டி, கடைவீட்டில் குழாய்நீரை ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி எந்திரத்தில் விட்டு அடைப்பவரோடு. அவருக்கு மலைப்பாதை லாரிச் செலவு கிடையாது. அந்த நிலையில் ஊற்று வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போதும் என்பதே என் கருத்து.