ஓட்டிப் போய் ஓட்டித் திரும்ப வேண்டிய கார்: வாசகர் கேள்வி பதில்

பழைய காரை ரேஸ் டிராக்கில் ஓட்டத் தயார் செய்வது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்துதான். பழைய சிட்டி, பலேனோ, ஐகான், முதல் தலைமுறை ஸ்விஃப்ட் என்று எல்லாம் கலந்து இருக்கின்றன. பதிலுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் டிராக் கிடையாது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஆனாலும் சரி, கோவைப் பக்கம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ஆனாலும் சரி, 200 கிலோமீட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். காசு இருப்பவர்கள் காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பின்னால் ஏசி காரில் போவார்கள். நாம் அதே காரை விடியற்காலையில் ஓட்டிக்கொண்டு போய், பகல் முழுக்க விரட்டி, ராத்திரி அதிலேயே வீடு திரும்பி, திங்கட்கிழமை வேலைக்கும் அதில்தான் போகிறோம். அதனால் எந்த பார்ட்டைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, அதை மாட்டினால் கார் வீடு வந்து சேருமா என்பதைத்தான்.

அண்ணா, 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் வாங்கியிருக்கிறேன். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. இன்டேக், எக்ஸாஸ்ட், ரீமேப் மூன்றும் செய்தால் எவ்வளவு பவர் ஏறும்? (காவேரிப்பட்டினம்)

அந்த இன்ஜின் புதிதாக வந்தபோது 106 பிஎச்பி. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள் தம்பி. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேர வேலைதான். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சந்தோஷம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ரீடிங் ஏறினால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது, அப்படியே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம் பார்க்க வேண்டும். இது தெரியாமல் எக்ஸாஸ்ட் வாங்கினால் காசு புகையாகத்தான் போகும்.

அடுத்து டைமிங் பெல்ட். விற்றவர் போன வருஷம்தான் மாற்றினேன் என்று சொல்லியிருப்பார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதிக்கொள்ளும், அப்புறம் உங்கள் ஒன்றரை லட்சமும் ஹெட் வேலைக்கே போய்விடும். கூடவே ரேடியேட்டர், அதன் மூடி, ஃபேன் ரிலே, ஹோஸ்கள். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் பழுப்பாகி, நகத்தால் கீறினால் பொடி உதிர்கிறது என்றால் அதை நம்பி டிராக்குக்குப் போகாதீர்கள்.

அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுண்டிங், ஷாக். அப்புறம் பிரேக். அப்புறம் நாலு நல்ல டயர். இவ்வளவும் முடிந்து பணம் மிஞ்சினால் முதல் டிராக் டேக்கு, அதாவது நம் காரையே ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் நாளுக்கு, கட்டணம் கட்டுங்கள். பவர் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: டர்போ இல்லாத 1.5 இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் மாற்றிக் கிடைப்பது சத்தம் நிறைய, பவர் கொஞ்சம். ரீமேப் என்பது இந்தக் காலத்து டர்போ கார்களில் லேப்டாப்பை மாட்டி இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றும் வேலை. உங்கள் காருக்கு இருக்கிற இன்ஜின் கம்ப்யூட்டரோடு சேர்த்து மாட்டும் பிக்கிபேக் பெட்டியோ, தனி ஈசியூவோ (வேறு இன்ஜின் கம்ப்யூட்டர்) வேண்டும், அந்தக் காசுக்கு பிரேக்கும் டயரும் வந்துவிடும்.

தொப்பூர் இறக்கத்தில் பாதி வழியிலேயே பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, ஸ்டியரிங்கும் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, பெரிய டிஸ்க் போடு என்கிறார் மெக்கானிக். போடலாமா? (நல்லம்பள்ளி)

இது இரண்டு தனித்தனிக் கோளாறு.

பெடல் மெத்தென்று போவது பிரேக் ஆயில் கொதிப்பதால். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை, ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இப்போது உங்கள் காரில் இருக்கும் கறுத்த ஆயிலை யார் எப்போது ஊற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல டாட் 4 வாங்கி நாலு வீலிலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறும் வரை பிளீட் செய்யுங்கள், டிராக்குக்குப் போவதற்கு முந்தைய வாரம் மறுபடியும் செய்யுங்கள். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன், மற்றவற்றோடு சேராது.

ஸ்டியரிங் ஆடுவதற்கு டிஸ்க் வளைந்ததுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. இறக்கம் முழுக்க பிரேக்கில் காலை வைத்தபடியே வந்து, கீழே ஏதாவது லாரிக்குப் பின்னால் நின்று, கொதிக்கும் டிஸ்க்கைப் பேடால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பேடின் பொருள் அந்த ஒரு இடத்தில் ஒட்டிக்கொள்கிறது, அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் பிடி மாறுகிறது. டிஸ்க்கைக் கழற்றி அது உட்காரும் ஹப் முகத்தில் இருக்கும் துருவைச் சுத்தமாகத் தேய்த்து, திரும்ப மாட்டி, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் டிஸ்க்கில் குறையில்லை, லேசாகத் தேய்த்துவிட்டுப் புதுப் பேட் போட்டுப் பழக்கினால் போதும். டயல் கேஜுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், ஓசூர் சிப்காட் பக்கம் இரண்டு வீட்டுக்கு ஒருவர் அதை வைத்து வேலை செய்கிறவர்.

இறக்கத்தில் மூன்றாவது கியரில் இன்ஜினே காரைப் பிடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், ஒரேயடியாகத் தேய்க்க வேண்டாம். அந்த ரோட்டில் பின்னால் வருவது எந்த நிலையில் இருக்கும் லாரி என்று உங்களுக்கே தெரியும்.

டிராக்கில் இதே வெப்பம் இன்னும் வேகமாகச் சேரும். ஒரு டன் எடையுள்ள கார் 140-லிருந்து 60-க்கு ஒரு தடவை இறங்கினால் டிஸ்க்கிலும் பேடிலும் சேரும் வெப்பம், இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு சுற்றில் இப்படி எத்தனை தடவை, அது எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக முழு ரேஸ் பேட் போட்டுவிடாதீர்கள். அது சூடேறாமல் பிடிக்காது, காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சந்திப்பில் மாடு குறுக்கே வந்தால் கார் நிற்காது. ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவான பேட் ஒரு செட், பின்பக்க டிரம்முக்குப் புது ஷூ, டிக்கியில் ஒரு செட் ஸ்பேர் பேட். பெரிய டிஸ்க் இப்போதைக்கு வேண்டாம்.

பலேனோவைத் தாழ்த்த வேண்டும். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டிவிடலாம் என்கிறார்கள், செலவே இல்லையாம். (பாலக்கோடு)

செலவு இல்லைதான், வெட்டும் அன்றைக்கு.

வெட்டிய ஸ்பிரிங் கொஞ்சம் இறுகும், அது உண்மை. ஆனால் ஷாக் அதன் பயணத்தின் அடிப்பகுதியிலேயே வேலை செய்யும், சின்ன வேகத்தடைக்கே பம்ப் ஸ்டாப்பில் (பயணத்தின் கடைசியில் இருக்கும் ரப்பர் தடுப்பு) இடிக்கும், வீல் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்று திரும்பவும் கோணலாக உட்காரும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் லோயர் ஆர்ம் ஹப் பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது ரோல் சென்டர், அதாவது திருப்பத்தில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும், ஆக, தாழ்த்திய கார் திருப்பத்தில் முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். பார்க்க ரேஸ் கார், வளைவில் கட்டில்.

நல்ல ஷாக் நாலு, 20 அல்லது 25 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தும் ஸ்பிரிங், புது புஷ். முன்பக்கம் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி, டோ (வீலின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். முன்வீல் டிரைவ் காரில் சாய்வைக் குறைக்கும் பின்பக்க ஆன்டி ரோல் பாரைக் கொஞ்சம் தடிமனாக்கினாலே மூக்கு உள்ளே திரும்பும், காசுக்கு அதுதான் மதிப்பு. அலைன்மெண்ட் செய்யும்போது நீங்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருங்கள், அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

கம்பெனி பாக்ஸை எடுத்துவிட்டு மூடியில்லாத ஓப்பன் ஏர் ஃபில்டர் போடலாமா? (பர்கூர்)

கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் ரோட்டில் தினமும் போகிற ஆளா கேட்கிறீர்கள்? அந்தத் தூசியில் இருப்பது சிலிக்கா, சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போட்டது மாதிரி தேய்த்துவிடும். ஃபில்டர் காகிதமே எவ்வளவு சீக்கிரம் வெளுத்துப் போகிறது என்று பாருங்கள். போதாததற்கு, ஓப்பன் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை இழுக்கும். உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும், அந்த அளவுக்குப் பவரும் போகும். கம்பெனி பாக்ஸ், நல்ல பேப்பர் ஃபில்டர், சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றுங்கள்.

ஓசூரில் சோம்பலாக ஓடும் கார் சென்னையில் பறக்கிறது. பெட்ரோல் பங்க்கில் ஏமாற்றுகிறார்களா? (ஓசூர்)

பங்க்காரரைத் திட்டாதீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் பவரை இழக்கும். இருங்காட்டுக்கோட்டையில் அது உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். கூடவே வேர்வையும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா? என்னுடையது 1998 எஸ்டீம், கார்புரேட்டர். (அரூர்)

பயப்பட வேண்டாம், ஆனால் வேலை இருக்கிறது. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், விரிசல் விடவைக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை இருக்கும் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், அதன் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும். கார்புரேட்டரின் கேஸ்கட், டயாஃப்ரம் கிட்டும் அதோடு போகட்டும். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதனால் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும், ஆகவே மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பார்த்து பிளக்கின் நிறத்தைக் கவனியுங்கள். இன்ஜெக்‌ஷன் கார்கள் ஆக்ஸிஜன் சென்சார் வைத்து ஓரளவு தாமே சரிசெய்துகொள்ளும், ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது சென்சார் சொல்வதைக் கேட்காது, டிராக்கில் நீங்கள் இருப்பது அந்த நிலையில்தான். மைலேஜ் கொஞ்சம் குறையும். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைப் பாதியாக விடாதீர்கள்.

ஸ்விஃப்ட் 1.3-ல் பழைய பலேனோவின் 1.6 இன்ஜினை ஏற்றலாமா? ஆர்டிஓவில் பிரச்சினை வருமா? (ஊத்தங்கரை)

பட்டறை வேலையாகப் பார்த்தால் முடியும். சட்டப்படி பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ஆர்சியில் இருக்கும் விவரம் கம்பெனியின் மூலக் குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உங்கள் கார் 15 வருடத்தைத் தாண்டினால் ஆர்சி புதுப்பிக்க நேரில் காட்ட வேண்டும், அங்கே இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், ரோட்டில் ஏதாவது ஆகி யாருக்காவது அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இப்படி ஒரு காரணத்தைத்தான்.

அதே 1.3 இன்ஜினை வைத்துக்கொள்ளுங்கள். எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயக் கார்களில் இருப்பதும் ஸ்விஃப்ட்டின் இன்ஜின்தான். கரி டிராக்கில் அவை ஓடுவதைப் பார்த்தால் சின்ன இன்ஜினை மட்டமாகப் பேச மாட்டீர்கள், எடைதான் விஷயம். டிராக் அன்றைக்கு டிக்கியைக் காலி செய்யுங்கள், அது சட்டத்துக்கு உட்பட்ட மாடிஃபிகேஷன்.

15 இன்ச் அலாய் போடலாமா? பெங்களூரில் செகண்ட் ஹேண்ட் செமி ஸ்லிக் (தடம் குறைந்த டிராக் டயர்) மலிவாகக் கிடைக்கிறதாம். (மத்தூர்)

உங்கள் காரில் 175/65 ஆர்14 இருந்தால் அதன் விட்டம் 583 மில்லிமீட்டர், 195/50 ஆர்15 போட்டால் 576, வித்தியாசம் தெரியாது. பிசிடியைச் சரிபாருங்கள், அதாவது வீல் போல்ட் எத்தனை, அவை இருக்கும் வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று: சிட்டியும் ஸ்விஃப்ட்டும் 4x100, ஐகான் 4x108, பாலியோ 4x98. பாலியோவில் 4x100 அலாயைத் திணித்து நட்டை முறுக்கும் கடைகள் இருக்கின்றன, ஓடி வந்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்து வருடம் தாண்டிய செமி ஸ்லிக் மரக்கட்டை. ராத்திரி ஆம்பூர் பக்கம் மழையில் அதில் வீடு திரும்புவதை நினைத்துப் பாருங்கள். சாதாரண நல்ல டயரே போதும், முதலில் அதன் எல்லையைக் கண்டுபிடியுங்கள்.

முதல் டிராக் டே. என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? (தர்மபுரி)

முழு முகம் மூடும் ஹெல்மெட், பருத்திச் சட்டை பேண்ட், மூடிய ஷூ. டார்க் ரெஞ்ச், பிரஷர் கேஜ், ஜாக், இன்ஜின் ஆயில் ஒரு லிட்டர், கூலண்ட், பிரேக் ஆயில், ஸ்பேர் பேட், டோ ஹூக், டேப், துணி. ஆயில் அளவை மேல் கோட்டிலேயே வைத்திருங்கள், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுங்கள், பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸும் வேகச் சோதனையும் சேராது என்று எழுதியிருக்கும், காரை நசுக்கினால் செலவு உங்களுடையது என்று தெரிந்தே இறங்குங்கள்.

டயர் சூடானால் காற்று நாலு முதல் ஆறு பிஎஸ்ஐ ஏறும், இறங்கியதும் அளந்து குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம், கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக வாருங்கள், பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுக் கல் வையுங்கள். கிளம்பும் முன் காற்றை மறுபடி ஏற்றி, நட்டு இறுக்கம் பார்த்து, பேடில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் அங்கேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தும்போது நட்டை இன்னொரு தடவை.